கடன் குறைந்த காலாண்டு

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் போகிறது, எந்த ஊருக்கு எவ்வளவு முதலீடு போகிறது, அதில் எது மண்ணுக்கும் தண்ணீருக்கும் நன்மை செய்கிறது என்று பிரித்து, நன்மை செய்வதற்கெல்லாம் பச்சை வண்ணம் பூசியிருக்கிறீர்கள். இதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு வட்டிச் சலுகை யாருக்கு என்று முடிவாகும் என்றும், 'ஐயா ஒருமுறை பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும்' என்றும் எழுதியிருந்தீர்கள்.

மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் எரிச்சல்தான் வந்தது. அதில் பாதி உங்கள் மேல். மீதிப் பாதி என் மேல். ஏனென்றால் நீங்கள் இப்போது இருக்கும் அந்த அலுவலகத்தில் இப்படி வண்ணம் பூசும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் நான்.

உங்கள் பட்டியலில் 'நீர்' என்ற தலைப்பின் கீழ் ஆழ்குழாய்க் கிணற்றுக்கான கடன் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான கடன் இருக்கிறது. இரண்டும் பச்சை. இரண்டையும் கூட்டி அடியில் ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் கூட்டக் கூடாது. ஏன் கூடாது என்று சூத்திரமாகச் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் ஒரு கிணறு பாழான கதையாகவே சொல்கிறேன். அதைப் பாழாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு.

நான் வேலை பார்த்தது புதுச்சேரி நகருக்குள், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, உயரமான கூரையும் பெரிய பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடத்தில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கிளைகள் எல்லாம் எங்களுக்கு ஒரு படிவம் அனுப்பும். எதற்கு எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். கிளையில் இருப்பவர் ஏதாவது சொல்ல நினைத்தால் அதில் எழுதலாம்.

எங்களுக்குக் கணினி வந்தபோது எக்செல் கற்றுக்கொண்ட முதல் ஆள் நான்தான். எனக்கு அதில் அப்படி ஒரு கர்வம். கடன் கூடினால் கட்டம் பச்சையாகும், குறைந்தால் சிவப்பாகும்படி செய்து வைத்தேன். கிளைகள் அனுப்பும் தாளில் இருந்த 'குறிப்பு' கட்டத்தைக் கணினிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். எழுத்தை எப்படிக் கூட்டுவது? எழுத்துக்கு என்ன வண்ணம் கொடுப்பது? மேலதிகாரி முதல் அச்சுப்பிரதியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான்யா கண்ணுக்குத் தெரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் இரண்டு ஆண்டு மிதந்துகொண்டிருந்தேன்.

சுனாமிக்கு முந்தைய ஆண்டு. நகரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் ஏரியைச் சுற்றியிருந்த சில ஊர்களில் சிறுபாசனக் கடன் திடீரென்று விழுந்தது. சிறுபாசனக் கடன் என்றால் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறு போட வாங்கும் கடன்தான். பட்டியலில் அந்தப் பகுதி முழுக்கச் சிவப்பு.

அந்தக் கிளையின் படிவத்தில் குறிப்புக் கட்டத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. 'ஏரியில் தண்ணீர் நிற்கிறது. கிணறுகள் ஊறுகின்றன. கடன் தேவைப்படவில்லை.'

நான் அதைப் படிக்கவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். படித்தேன். படித்துவிட்டுத்தான் மற்ற கட்டங்களைக் கணினியில் ஏற்றினேன்.

அதை எழுதியவர் அந்தக் கிளையின் விவசாயக் கடன் அலுவலர் ஃபிலோமினா. நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஒருநாள் பகல் ஒரு மணிக்கு, கடைகளெல்லாம் மதியத்துக்கு மூடிக்கொண்டிருந்த நேரத்தில், வியர்க்க விறுவிறுக்க என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், நான் எழுதின குறிப்ப பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. அத எந்தக் கட்டத்துல போடறது? நம்பர் இருந்தா குடுங்க."

"யாரும் கடன் கேக்கல சார். அதான் நம்பரு."

"கேக்கலன்னா, நீங்க போயி கேக்க வைக்கலன்னுதான் மேல இருக்கறவங்க சொல்லுவாங்க."

"தண்ணி இருக்கறவங்கிட்ட போயி போர் போடு, கடன் வாங்குன்னு எப்படி சார் கேக்கறது? நல்லா தின்னுட்டு படுத்திருக்கறவன எழுப்பி சோறு ஊட்டற மாதிரி இருக்குது." பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவ வந்து கண்ணால பாத்துடுங்க சார். அதுக்கப்புறம் நீங்க என்னா வேணா எழுதிக்குங்க" என்றார்.

போனேன். அதுதான் இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாத இடம். போகாமல் தப்புச் செய்திருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஃபிலோமினா ஒரு கனகாம்பரத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தோட்டக்காரர் பெயர் கலியபெருமாள். நாற்பதைத் தாண்டியவர். தோட்டத்துக்கு நடுவில் படி வைத்த திறந்த கிணறு. குனிந்தால் தண்ணீர் தெரிந்தது. அந்தக் கிணற்றை நம்பித்தான் அரைக் காணிப் பூவும், கொஞ்சம் கத்திரியும், இரண்டு மாடும், பெண்ணின் நர்சிங் படிப்பும்.

நான் யாரென்று ஃபிலோமினா சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடன் வாங்கினவன ஜப்தி பண்ண ஆபீசருங்க வந்து பாத்திருக்கேன். கடன் வாங்காதவன வெசாரிக்க வந்த மொத ஆபீசரு நீங்கதான் சார்."

ஃபிலோமினா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கலியபெருமாள் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரியைப் பார்த்துக்கொள்ள விவசாயிகளே பணம் போட்டு ஒரு பொது நிதி வைத்திருந்தார்களாம். வயதானவர்கள் அதை 'கெஸ் கொம்யூன்' என்பார்கள். நடுவில் அது நின்றுபோயிருந்தது. மழை இரண்டு வருடம் ஏமாற்றியதும் ஊரில் கூடிப் பேசி மறுபடி தொடங்கிவிட்டார்கள். காணிக்கு இவ்வளவு என்று ஆளாளுக்குப் போட்டு, வரத்து வாய்க்காலைத் தூர் வாரி, மதகைச் சரிசெய்திருந்தார்கள். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகள் தானாக ஊறும். நோட்டை எழுதி வைப்பது கலியபெருமாளின் பொறுப்பு.

"போர் போட்டா ஒருத்தன் தோட்டத்துக்குத்தான் தண்ணி. இது எல்லாருக்கும் வருதில்ல. கடனும் இல்ல, கரண்டும் மிச்சம்."

கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். நகரத்தில் என் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரைவிட நன்றாக இருந்தது. சத்தம் போட்டுச் சொல்லவும் செய்தேன்.

இப்போது நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலீடு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அந்த ஆண்டு அந்த வட்டாரத்தில் தண்ணீருக்காகப் போடப்பட்ட மிகச் சிறந்த முதலீடு அந்த நோட்டில் இருந்தது. அதைக் கையில் வாங்கிப் புரட்டினேன். வங்கி வழியாக வராத பணம் எங்கள் பட்டியலில் பணமே இல்லை. ஆகவே நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் கூட்டம். எல்லாக் கிளை மேலாளர்களும் வந்திருந்தார்கள். தலைமை தாங்கிய பெரிய அதிகாரி வரும்போதே கோபமாக வந்தார். படிவம் தாமதமாக அனுப்பிய ஒரு மேலாளரை எழுப்பி நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. பிறகு என் பட்டியலை எடுத்தார். சிவப்பு அவர் கண்ணில் பட்டது. படவேண்டும் என்றுதானே அதைச் சிவப்பாக்கினேன்.

"இது என்னங்க, தண்ணிக்கான கடன் இப்படி விழுந்திருக்கு? ஏன்? கதையெல்லாம் வேணாம். ஒரே வார்த்தைல சொல்லுங்க."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொம்புத் தண்ணீரின் ருசி எனக்கு மறந்திருக்கவில்லை. 'தேவையில்லை' என்பது ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்றும் எனக்குத் தெரிந்தது: தேவையில்லாததை எதற்கு ஐயா சிவப்பில் காட்டுகிறாய்? என் பட்டியல் தப்பாகச் சொல்கிறது என்று நானே எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

"முனைப்பில்லை சார்" என்றேன்.

அந்தக் கிளையின் மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த ஏரிப் பகுதிக்கு ஆழ்குழாய்க் கடனில் தனியாக வட்டிச் சலுகை. அந்தக் கிளைக்கு இரண்டு மடங்கு இலக்கு. விவசாயக் கடன் அலுவலரிடம் எழுத்துமூலம் விளக்கம். மூன்றும் டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டன.

நான் எந்தப் பேப்பரிலும் பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். என் எண்கள் அத்தனையும் சரி. தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு குறைகூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. நம் தொழிலில் பெரிய தப்புகளெல்லாம் இப்படித்தான், கூட்டல் சரியாக இருக்கும்போது நடக்கின்றன.

இரண்டு நாள் கழித்து ஃபிலோமினாவிடமிருந்து போன் வந்தது.

"சார், நீங்க அந்தத் தண்ணிய குடிச்சிட்டுத்தான போனீங்க?"

"மேல எடுத்த முடிவும்மா."

"மேல இருக்கறவங்களுக்கு யார் சார் சொன்னது?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார். சில மாதத்தில் அவரைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. தேடவும் இல்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் முனைப்பாக இருந்தார். வட்டிச் சலுகை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஊர் ஊராகக் கடன் மேளா வைத்துக் கொடுத்தார்கள். இரண்டே காலாண்டில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அதற்காக அலுவலகத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். ஆளுக்கு ஒரு சமோசாவும் கேசரியும் கொடுத்தார்கள். நான் கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஊர்களில் என்ன நடந்தது என்று நான் வரிசையாகத் தெரிந்துகொண்டது பிறகுதான். சொந்தமாகப் போர் போட்டவன் ஏரி நிதிக்கு எதற்குப் பணம் போடுவான்? முதல் வருடம் சிலர் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் பலர். வாய்க்காலைத் தூர் வார ஆள் இல்லை, பணம் இல்லை. ஏரிக்குத் தண்ணீர் வரத்துக் குறைந்தது. போர்கள் ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தன. கடல் பக்கத்தில் இருக்கிறது. மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்காமல் கீழிருந்து மட்டும் இழுத்தால், பக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த அத்தனை பட்டதாரிகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நடுவில் சுனாமி வந்தது. கவனமெல்லாம் கரையோரக் குப்பங்களுக்குப் போனது, போகவேண்டியதுதான். ஆனால் ஏரிப் பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரிக்கின்றன என்று புகார் வந்தபோது, சுனாமிதான் காரணம் என்று கோப்பில் எழுதி முடித்துவிட்டார்கள். அலை அந்த ஊர்களின் பக்கமே வரவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நானும் ஒரு கூட்டத்தில் 'சுனாமியின் பாதிப்பு' என்று சொன்னேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னையே நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருக்கிறது.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். கிணறுகள் கெட்டதும் கடன் குறையவில்லை, கூடியது. இருக்கும் போரை இன்னும் ஆழப்படுத்தக் கடன். உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வைக்கக் கடன். கேன் தண்ணீர் கொண்டுபோக வேன் வாங்கக் கடன். நகரத்தை ஒட்டிய உழவர்கரைப் பக்கம் புதுப்புதுக் குடியிருப்புகளில் எல்லா வீட்டு வாசலிலும் நீல நிறக் கேன் உட்கார ஆரம்பித்த காலம் அது. இவை எல்லாம் எங்கள் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வந்தன? 'நீர்.' எல்லாம் பச்சை. ஏரியை அழித்த பணமும், அழிந்ததால் தேவைப்பட்ட பணமும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, தண்ணீருக்கு முதலீடு பெருகுகிறது என்று மேலே போனது. என் வாழ்நாளில் நான் போட்ட பட்டியல்களிலேயே அதுதான் மிகவும் பச்சையானது.

அதைச் சரிபார்க்கும்போது ஒரு கிளை அனுப்பிய பெயர்ப் பட்டியலில் விரல் வைத்து வந்துகொண்டிருந்தேன். ஒரு பெயரில் விரல் நின்றது. கலியபெருமாள். ஊர்ப் பெயர். கடனின் நோக்கம்: குடிநீர் கேன் விநியோகிக்க மினி வேன்.

அன்று மாலை வரை அந்தத் தாளைத் திருப்பவில்லை. மறுநாள் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். இந்தக் கடன்களைப் பிரிக்க வேண்டும், ஏரி நிதிக்கு வராமல் நின்றுபோன பணத்தையும் காட்ட வேண்டும், கிளைகளின் குறிப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று. மேலதிகாரி படித்தார். நல்ல மனிதர்.

"ரிட்டயர் ஆவப்போற நேரத்துல எதுக்குங்க இந்த வேல? பச்சையா இருக்கறத ஏன் செவப்பாக்கறீங்க?"

குறிப்பை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். ஓய்வுபெற்ற அன்று மற்ற சாமான்களோடு வீட்டுக்கு எடுத்துவந்தேன். இப்போதும் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு எண் ஏறினாலும் இறங்கினாலும், அந்த ஊரில் அதைப் பார்த்தவர் என்ன எழுதினார் என்று தேடிப் படியுங்கள். உங்கள் பட்டியலில் குறிப்புக் கட்டமே இல்லை. நான் நீக்கியது இன்னும் நீக்கப்பட்டபடியே இருக்கிறது. அதைத் திரும்ப வையுங்கள். கடன் குறைவது சில சமயம் நல்ல செய்தி. யாராவது உங்களிடம் ஒரே வார்த்தையில் காரணம் கேட்டால், எனக்கு மூன்று வாக்கியம் வேண்டும் என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற அடுத்த கோடையில் அதே பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கனகாம்பரம் இல்லை. தோட்டத்தில் சவுக்கு வைத்திருந்தார். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடியிருந்தது. கலியபெருமாள் சாலையோரம் வேனில் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"கடன் வாங்காதவன வெசாரிக்க வந்த சாருதான? இப்ப வாங்கிட்டேன் சார். சந்தோசமா?"

கிணற்றுப் பக்கம் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அத எதுக்கு சார் பாக்கறீங்க? மாடே குடிக்கல. மாட்டையும் வித்துட்டேன்" என்றார். பெண் நர்சிங் முடித்தாளா என்று கேட்டேன். நடுவில் ஒரு வருடம் நின்று, பிறகு கடன் வாங்கி முடித்தாளாம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிலோமினா எழுதியது, நான் அதை நீக்கியது, கூட்டம், அந்த ஒரு வார்த்தை. அவர் கேன் அடுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு கடைசிக் கேனை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"அந்தம்மா என்னா எழுதியிருந்தாங்க?"

எனக்கு அது மனப்பாடம். "ஏரியில் தண்ணீர் நிற்கிறது. கிணறுகள் ஊறுகின்றன. கடன் தேவைப்படவில்லை."

அவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சரியாத்தான எழுதியிருக்காங்க" என்றார்.

பிறகு ஒரு கேனைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். வெயிலில் வந்திருந்தேன். வாங்கிக் குடித்தேன்.